சூப்பர்கேர்ள் படத்தில் ரூத்தியின் குரல் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 'சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ' காமிக்ஸை மூன்று முறை படித்திருக்கிறீர்கள். அதை வைத்துத்தான் புது 'சூப்பர்கேர்ள்' படம் எடுக்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத லோபோ என்ற விண்வெளிக் கூலி வேட்டைக்காரனை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள், தலைப்பில் பாதியை வெட்டிவிட்டார்கள், டீசர் வேறு 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' சாயல் அடிக்கிறது. கெடுத்துவிடுவார்களா? கூடவே, படத்துக்கு முன்னால் புத்தகத்தை மறுபடி படிக்கலாமா வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், கதையைச் சொல்லும் பெண்ணான ரூத்தியைப் பற்றிப் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, "ரூத்தி பேசுவதை எப்படிப் படமாக்குவார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை" என்று, அதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் அதைக் கேட்பதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

நான் பதினெட்டு வருடமாக ஸ்டோரிபோர்டு வரைகிறவன். விளம்பரப் படங்கள்தான் சோறு போடுகின்றன, நடுநடுவே சினிமாவும் உண்டு. யாரோ எழுதியதைக் கட்டம் கட்டமாக வரைந்து, இது குளோசப், இங்கே கேமரா நகர்கிறது, இது இரண்டு விநாடி என்று ஓரத்தில் குறித்துக் கொடுப்பது என் வேலை. கட்டம் போடக் கற்றது கல்லூரியில் இல்லை. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் பார்த்துப் பார்த்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பழகியது. அதனால் ஒரு கட்டம் ஷாட்டாக மாறும்போது எது கையில் தங்கும், எது விரலிடுக்கில் ஒழுகும் என்பது ஓரளவு தெரியும். ஹாலிவுட் ஸ்டுடியோவின் கதவுக்கு உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது என் எல்லைக்கு வெளியே. படத்தை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே தெரிந்ததைத் தெரிந்ததாகவும் ஊகத்தை ஊகமாகவும் பிரித்தே சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. டாம் கிங் எழுதி, பிரேசில்காரரான பில்கிஸ் எவ்லி வரைந்து, மாத்தேயுஸ் லோப்பெஸ் வண்ணம் தீட்டிய எட்டு இதழ்த் தொடர் அது. 2021 ஜூனில் தொடங்கி 2022 பிப்ரவரியில் முடிந்தது. எங்கோ மூலையிலுள்ள ஒரு கிரகத்தில் ரூத்தி என்ற குடியானவர் வீட்டுப் பெண்ணின் அப்பாவை க்ரெம் என்பவன் கொன்றுவிடுகிறான். பழிவாங்க ஆள் பிடிக்கக் கிளம்புகிறாள் அந்தச் சிறுமி. அதே கிரகத்துக்குத் தன் 21ஆவது பிறந்தநாளைக் குடித்துக் கொண்டாட வந்திருக்கிறாள் காரா, அதாவது சூப்பர்கேர்ள், சூப்பர்மேனின் ஒன்றுவிட்ட சகோதரி. அங்கே சூரியன் சிவப்பு. சிவப்புச் சூரியனின் கீழ் அவளுக்குச் சக்தி கிடையாது. சக்தி போனால்தானே போதை ஏறும்? (இந்த ஒரு யோசனைக்கே டாம் கிங்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.) க்ரெம்மின் விஷ அம்பு காராவின் நாய் க்ரிப்டோவின் மீதும் பாய, சிறுமியும் குமரியுமாக அவனைத் துரத்திக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகிறார்கள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

இந்தக் கதையில் புதுசாக எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்பனைக் கொன்றவனைத் தேடிப்போகும் பிள்ளை, துணைக்கு ஒரு குடிகாரப் போராளி. வெஸ்டர்ன் படங்களில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. புத்தகம் உங்களை மூன்று முறை இழுத்தது என்றால் அதற்குக் காரணம் கதை சொல்கிறவள். பல காலம் கழித்து, மூத்துப்போன ரூத்தி எழுதுகிற நினைவுக்குறிப்பு இது. அவள் எழுத்து பழைய ஜமீன் வீட்டுக் கடிதம் மாதிரி இருக்கும். வாக்கியம் நீளும், மரியாதை தவறாது, ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருப்பாள். அந்த எழுத்து இருக்கும் கேப்ஷன் பெட்டிக்குக் கீழே எவ்லியின் படத்திலோ காரா வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் யாரையாவது வாய்கொள்ளாமல் திட்டிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் ரத்தத்தில் கிடப்பாள். எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று காட்டுகிறது. சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது, துக்கமும் அங்கேதான். ரூத்தி சொல்வதை எவ்வளவு தூரம் அப்படியே நம்பலாம் என்று ஒரு கட்டத்தில் சந்தேகம்கூட வரும். முடிவைச் சொல்லிவிட்டதாகப் பழி வேண்டாம், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சோதித்தே பார்த்தேன். பச்சைச் சூரியன் காயும் கிரகத்தில் அவர்கள் மாட்டிக்கொள்ளும் ஐந்தாவது இதழ் ஞாபகம் இருக்கும். அந்த வெளிச்சமே காராவுக்கு விஷம். அவள் சாகக் கிடக்க, ரூத்தி பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கிறாள். அதில் ஒரு பக்கத்தை எடுத்து, என் வழக்கப்படி ஏ4 தாளில் கட்டங்களைச் சின்னச் சின்னதாக வரைந்துகொண்டு, கேப்ஷனை வாய்விட்டுப் படித்தேன். கைபேசியில் ஸ்டாப்வாட்ச். விளம்பர வேலையில் ஒரு கணக்கு உண்டு: முப்பது விநாடி விளம்பரத்துக்கு ஆங்கிலத்தில் எழுபது சொல்லுக்கு மேல் போனால் குரல் கொடுப்பவருக்கு மூச்சு முட்டும். நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல். அப்படியானால் ஒரு பக்கத்தில் நூறு சொல் இருந்தால் நாற்பது விநாடி. அந்தப் பக்கத்தின் படங்களில் நடப்பதை மட்டும் ஷாட்டாக அடுக்கினால் எனக்கு ஒன்பது விநாடிதான் வந்தது. மிச்சம் முப்பத்தொரு விநாடி திரையில் என்ன ஓடும்?

தாளில் இந்தச் சண்டையே இல்லை. கண் முதலில் படத்தைப் பார்க்கிறது, பிறகு பெட்டியைப் படிக்கிறது, படித்த சூட்டோடு மறுபடி படத்துக்குப் போகிறது. அந்த இரண்டாவது பார்வையில் படமே மாறியிருக்கும். நேரம் வாசகர் கையில். திரையரங்கில் நேரம் படத்தின் கையில், காதும் கண்ணும் ஒரே சமயத்தில் ஓட வேண்டும். ஆகவே ஒன்று, படத்தை ஸ்லோமோஷனில் இழுக்க வேண்டும். அல்லது மலை, மேகம், நடந்துபோகும் கால்கள் என்று நிரப்ப வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் சொற்களை வெட்ட வேண்டும். தொண்ணூறு சதவீதம் வெட்டத்தான் செய்வார்கள், அதில் தப்பும் இல்லை. எந்தப் பத்து சதவீதத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் படம் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு ஒரு படத்துக்கு போர்டு போட்டேன். ஒரு பாட்டி பேத்திக்குத் தன் சின்ன வயதுக் கதையைச் சொல்வதாகத் திரைக்கதை. பாட்டியின் பேச்சு அவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் பாட்டியின் வரியை எழுதி, இருநூறுக்கு மேல் கட்டங்கள் வரைந்து கொடுத்தேன். எடிட் டேபிளில் உட்கார்ந்ததும் தயாரிப்பாளர் தரப்பில் ஒருவர், "என்ன சார், பாட்டி பேசிக்கிட்டே இருக்காங்க" என்றார். ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் படத்தின் தொடக்கத்தில் இரண்டு வரி, முடிவில் ஒரு வரி. படம் சாதாரணக் குடும்பப் பகைக் கதையாக வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. பல நாள் அந்தத் தயாரிப்பாளர் தரப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பழைய போர்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. பாட்டி மழை என்று சொன்ன இடத்தில் நான் மழை வரைந்திருந்தேன். அழுதேன் என்ற இடத்தில் அழுகிற முகம் வரைந்திருந்தேன். குரல் சொன்னதையே படமும் சொன்னால் குரல் எதற்கு? வெட்டியவர்மேல் குற்றமில்லை. வெட்டினால் வலிக்காத மாதிரி வரைந்து கொடுத்தவன் நான்.

ஆகவே ரூத்தியின் குரலை வைத்துக்கொள்வார்களா என்பதோடு, வைத்துக்கொண்டால் அதற்கு அடியில் என்ன காட்டுவார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இதற்கு நல்லதொரு முன்மாதிரி கைவசம் இருக்கிறது. டாம் கிங்கின் இந்தக் கதைக்கு மூலவிதை 'ட்ரூ கிரிட்' என்பது ஊரறிந்தது, அவரே மறைக்கவில்லை. சார்லஸ் போர்ட்டிஸ் 1968இல் எழுதிய நாவல். அதிலும் பதினான்கு வயதுப் பெண், மேட்டி ராஸ், அப்பாவைக் கொன்றவனைப் பிடிக்க ரூஸ்டர் காக்பர்ன் என்ற ஒற்றைக்கண் குடிகார மார்ஷலைக் கூலிக்கு அமர்த்துகிறாள். அதிலும் கதையைச் சொல்பவள் வயதான பிறகு அந்தப் பெண்ணேதான். மொழியும் அதே விறைப்பு. அந்த நாவல் இரண்டு முறை படமாகியிருக்கிறது, 1969இல் ஒன்று, 2010இல் ஒன்று. உங்கள் பயத்துக்கும் நம்பிக்கைக்கும் விடை இந்த இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கிறது.

1969 படத்தில் கதை சொல்லும் கிழவி கிடையாது. அப்பா வீட்டிலிருந்து கிளம்புவதையும் சுடப்படுவதையும் நாமே நேரில் பார்த்துவிடுகிறோம். மேட்டி பார்க்காததை நமக்குக் காட்டிய அந்த நொடியிலேயே கதை அவள் கையை விட்டுப் போய்விடுகிறது. போன கதை யார் மடியில் விழுந்தது? ஜான் வெய்ன் மடியில். காக்பர்னாக நடித்ததற்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது, இன்றுவரை அது வெய்ன் படம். முடிவையும் மாற்றினார்கள். நாவலில் மேட்டி ஒரு கையை இழக்கிறாள், கால் நூற்றாண்டு கழித்துக் காக்பர்னைத் தேடிப் போகும்போது அவர் இறந்துவிட்டிருக்கிறார். 1969 படத்திலோ வெய்ன் தொப்பியை ஆட்டிக்கொண்டு குதிரையில் வேலி தாண்டிப் போகிறார். கெட்ட படம் என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டால் இன்றும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அது வேறு கதை.

கோயன் சகோதரர்கள் 2010இல் எடுத்ததில் முதல் ஷாட்டைப் பாருங்கள். இருட்டு, நடுவில் மங்கலாக ஒரு வெளிச்சம், கேமரா மெதுவாக நெருங்குகிறது. வயதான மேட்டியின் குரல் அப்பா எப்படிச் செத்தார் என்பதைக் கணக்கு ஒப்பிக்கும் தொனியில் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் தெளியும்போது வீட்டு வாசலில் ஒரு பிணம், மேலே பனி விழுகிறது. கொலையை அவர்கள் காட்டவில்லை. குரல் ஒரு வேலை செய்கிறது, படம் வேறு வேலை செய்கிறது. அதன்பிறகு படத்தின் பெரும்பகுதியில் அந்தக் குரல் வருவதில்லை, கடைசியில்தான் திரும்புகிறது. நடுவில் அந்தக் குரலின் இடத்தைப் பிடித்துக்கொள்வது வசனம். பாத்திரங்கள் எல்லாரும் சொற்களைச் சுருக்காமல், புத்தகத்திலிருந்து நேராக எழுந்து வந்தவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். வாய்ஸ் ஓவரிலிருந்து எடுத்த உப்பை வசனத்தில் போட்டுவிட்டார்கள். அந்தப் படத்துக்குப் பத்து ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேட்டியாக நடித்த ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டுக்கு அந்தப் பரிந்துரையிலும் துணை நடிகை என்றுதான் பெயர். கதையே அவளுடையது, ஆனாலும் துணை! இதைப் பார்த்து நான் சிரித்தது உண்டு.

இப்போது லோபோவுக்கு வரலாம், ஏனென்றால் என் பயம் இங்கேதான் உங்கள் பயத்தோடு சேருகிறது. லோபோ புத்தகத்தில் இல்லை என்பது சரி. ஆனால் கதைக்கு அந்நியன் என்று சொல்லிவிட முடியாது. டாம் கிங் முதலில் யோசித்தபோது லோபோவையும் சூப்பர்கேர்ளையும்தான் ஜோடி சேர்த்திருந்தார், காக்பர்ன் இடத்தில் லோபோ, சிறுமி இடத்தில் காரா. பிறகுதான் காராவையே அனுபவசாலியாக்கி, சிறுமிக்கு ரூத்தியைப் படைத்தார். ஆகவே லோபோ வந்ததாலேயே துரோகம் என்று பொங்க வேண்டாம். என் கவலை லோபோவாக நடிக்கும் ஜேசன் மோமோவாவின் அகலம். முதல் 'அக்வாமேன்' படத்தை நூறு கோடி டாலருக்கு மேல் ஓட்டிய மனிதர், லோபோ வேடம் வேண்டும் என்று பல வருடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் சுருட்டும் மோட்டார் சைக்கிளுமாகச் சட்டகத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்கும் சிறுமியை யார் பார்ப்பார்கள்? நான் போர்டு போடும்போதும் இந்தச் சிக்கல் வரும். பெரிய நடிகர் சட்டகத்தில் இருந்தால் ஒளிப்பதிவாளர் தன்னையறியாமல் அவர் உயரத்துக்குக் கேமராவை வைப்பார். ரூத்தியின் கண் உயரத்தில் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். லோபோவைக் கீழிருந்து, அவள் பார்க்கிற மாதிரிக் காட்டினால் அவன் அவள் கதையில் வரும் பூதம். நேருக்கு நேர் காட்டினால் அவள் அவன் படத்தில் வரும் குழந்தை. 1969இல் நடந்தது அதுதான்.

உறுதியாகத் தெரிந்தவற்றையும் பார்த்துவிடுவோம், அதில் நம்பிக்கை தருபவை நிறையவே இருக்கின்றன. 2026 ஜூன் 26 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள். காராவாக மில்லி ஆல்காக், 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' முதல் சீசனில் இளம் ரெனீராவாக வந்தவர். 2025 ஜூலையில் வந்த 'சூப்பர்மேன்' படத்தின் கடைசியில் போதையோடு தடுமாறி வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போனாரே, அவரேதான். ரூத்தியாக ஈவ் ரிட்லி, க்ரெம்மாக மத்தியாஸ் ஷோனார்ட்ஸ். காராவின் அப்பா அம்மாவுக்கும் ஆட்களைப் போட்டிருக்கிறார்கள் என்பது பலர் கவனிக்காமல் விட்ட நல்ல செய்தி. அவர்கள் இருந்தால் காராவின் ஊரான ஆர்கோ நகரம் இருக்க வேண்டும். சூப்பர்மேன் கைக்குழந்தையாகத் தப்பித்தவன், அவனுக்கு இழப்பு என்பது கேள்விப்பட்ட செய்தி. காரா அப்படியில்லை, தன் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள். ஆறாவது இதழில் வருவது அதுதான். அதைப் படத்தில் விடவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் ஆள் போட்டுச் சம்பளம் கொடுத்தவர்கள் சும்மா கொடுத்திருக்க மாட்டார்கள்.

இயக்குநர் கிரெய்க் கில்லெஸ்பி என்பதில்தான் எனக்கு அதிக நிம்மதி. பெரிய சூப்பர்ஹீரோ இயக்குநர் இல்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். அவருடைய 2017ஆம் வருடத்து 'ஐ, டோன்யா' பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் சட்டகத்துக்குள்ளிருந்து நம் பக்கம் திரும்பி, அப்படி நடக்கவே இல்லை என்பார். குரலுக்கும் படத்துக்கும் சண்டை மூட்டத் தெரிந்த கை அது. 2021இல் வந்த 'க்ரூயெல்லா'விலும் கதாநாயகியின் குரல்தான் நம்மை உள்ளே கூட்டிப்போகும். ரூத்தியின் கதைக்கு இந்தத் திறமை உள்ளவர் கிடைத்தது தற்செயலா, தெரிந்தே செய்த தேர்வா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எப்படியானாலும் சந்தோஷம்.

மற்ற கவலைகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். முகம் பொருந்தவில்லை, உயரம் பத்தவில்லை என்பதெல்லாம் ரசிகர்கள் வழக்கமாகத் தோற்கும் பந்தயம். மைக்கேல் கீட்டனை பேட்மேனாகப் போட்டபோது ஐம்பதாயிரம் எதிர்ப்புக் கடிதம் வந்ததாகச் சொல்வார்கள், 1989இல் படம் வந்ததும் வாயடைத்துப் போனார்கள். ஹீத் லெட்ஜரை ஜோக்கராக அறிவித்தபோதும் இதே கூச்சல். உடை பற்றிய பயம் சில சமயம் பலிக்கும். 2011 'கிரீன் லான்டர்ன்' படத்தில் கணினியில் வரைந்த உடையைப் பார்த்து முதல் நாளே முகம் சுளித்தவர்கள் சரியாகத்தான் சுளித்தார்கள். தலைப்பை வெட்டியதைப் பற்றி எனக்கு அபிப்பிராயமே இல்லை, போஸ்டர் ஒட்டுபவருக்கு வேலை குறைவு. 'கார்டியன்ஸ்' சாயல் என்கிறீர்கள். சூப்பர்கேர்ள் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனத்தின் படங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ஜேம்ஸ் கன்தான் அந்தப் படங்களை எடுத்தவர் என்பதால் அந்தச் சந்தேகம் இயல்புதான். ஆனால் டீசர் வெட்டுவது தனித் தொழில். பாட்டும் வேகமும் அவர்கள் போடுவது. இருபது நொடி சிரிப்பை வைத்துப் படத்தின் மூச்சை அளக்க முடியாது.

எவ்லியின் கோடு போய்விடுமே என்கிற வருத்தம் மட்டும் எனக்கும் உண்டு, அது ஆறாது. ஊசியால் நெய்த மாதிரிக் கோடு அவருடையது. காற்றில் பறக்கும் முடியையும் துணியையும் அவர் வரைந்த விதத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பென்சிலைத் தொடாமல் இருந்தேன். அதைக் கேமராவால் பிடிக்க முடியாது, பிடிக்க முயலவும் கூடாது. முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு, காமிக்ஸிலிருந்து எடுத்த 2009 'வாட்ச்மென்' படம் இருக்கிறது. கட்டத்தை அப்படியே பெயர்த்துவைத்த ஷாட்டுகள் ஏராளம், பார்க்க அழகு, ஆனால் நிறைய இடங்களில் மெழுகு பொம்மைக் கண்காட்சி. அதே படத்தில் உயிரோடு இருக்கும் பகுதி எது தெரியுமா? டாக்டர் மன்ஹாட்டன் என்ற பாத்திரம் செவ்வாய்க் கிரகத்தில் உட்கார்ந்து தன் வாழ்க்கையை முன்னும் பின்னுமாக நினைத்துப் பார்ப்பது. முழுக்க வாய்ஸ் ஓவர். குரல் ஒரு காலத்தில், படம் வேறு காலத்தில். மறுபடி அதே விஷயம்தான்.

நமக்கும் இது புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது நம் வீட்டுப் பெரியவர்கள் குந்தவை மூக்கையும் நந்தினி கொண்டையையும் பற்றித்தான் சண்டை போட்டார்கள். கல்கி ஒவ்வொரு அத்தியாயத்திலும் நம் தோளில் கைபோட்டு, வாசகர்களே என்று கூப்பிட்டுக்கொண்டே வருவாரே, அந்த ஆள் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. முதல் பாகத் தொடக்கத்தில் கமல்ஹாசன் குரலில் கொஞ்சம் வரலாறு வந்தது. அது தகவல் சொன்னது, தோளில் கை போடவில்லை. மணிரத்னத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாவலில் பாதி ருசி கதை சொல்கிறவர் என்பதும், சினிமா முதலில் வீட்டைவிட்டு அனுப்புவது அவரைத்தான் என்பதும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல நடக்கிறது.

இன்னொரு பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் ரசிகர்கள் பலர் மனதில் இருக்கிறது. படம் ஓடாவிட்டால் பழி யார்மேல் விழும்? 1984இல் ஹெலன் ஸ்லேட்டர் நடித்த 'சூப்பர்கேர்ள்' கவிழ்ந்தது. 2004 'கேட்வுமன்', 2005 'எலெக்ட்ரா' கவிழ்ந்தன. மூன்றும் கவிழ எழுத்தே போதுமான காரணமாக இருந்தது. ஆனால் பெண் கதாநாயகி என்றால் ஓடாது என்ற பாடத்தைத்தான் ஸ்டுடியோக்கள் படித்தன. 2017 'வொண்டர் உமன்' வரும்வரை அந்தப் பாடப் புத்தகத்தை யாரும் மாற்றவில்லை. காரா பாத்திரம் 1959இலிருந்து இருக்கிறது, 1985இல் ஒருமுறை காமிக்ஸிலேயே கொன்றும் பார்த்தார்கள், திரும்பி வந்துவிட்டாள். ஒரு படத்தால் அவள் தொலைய மாட்டாள். எட்டு இதழ்களும் உங்கள் அலமாரியில்தான் இருக்கும்.

கடைசியாக, மறுபடி படிக்கலாமா என்று கேட்டீர்கள். படியுங்கள், ஆனால் படத்துக்கு முந்தின வாரம் வேண்டாம். கட்டங்கள் கண்ணில் ஈரமாக ஒட்டியிருந்தால் திரையில் ஓடுவதைப் பார்க்க மாட்டீர்கள், விட்டுப்போனதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். இப்போதே ஒருமுறை, கேப்ஷனை வாய்விட்டுப் படித்து முடித்து எடுத்துவைத்துவிடுங்கள். ரூத்தியின் குரல் காதில் இருந்தால் போதும். பிறகு திரையரங்கில் முதல் ஐந்து நிமிடம் இரண்டு விஷயம் கவனியுங்கள். அப்பாவின் கொலையை நேரில் காட்டுகிறார்களா, இல்லை யாராவது சொல்லித்தான் நமக்குத் தெரிகிறதா? காராவை முதலில் பார்க்கும்போது கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது? சிறுமி உயரத்தில் இருந்தால் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பாப்கார்னைப் பிரிக்கலாம். நாய்க்கு என்ன ஆகும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், அந்த இடம் வந்தால் நானே கண்ணை மூடிக்கொள்ளப் போகிறேன்.